தாளும் தாளும் சேரும் இடம்

தமிழ்நாட்டின் எந்தத் தொடக்கப் பள்ளியில் "ஆறு வரையுங்கள்" என்று சொன்னாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் கிடைக்கும். இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து வளைந்து இறங்கி அடிவிளிம்பில் முடியும் நீலப் பட்டை, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை. மலையையே பார்த்திராத திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் குழந்தையும் இதைத்தான் வரையும். காவிரிப் படுகைப் பள்ளிகளில் ஆசிரியராகவும், பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநராகவும் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் படம் மாறவே இல்லை. குறை குழந்தையின் கையில் இல்லை. ஒரு குழந்தை தனியாக ஒரு தாளில் வரையும்போது ஆறு அந்தத் தாளுக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. ஆற்றைப் பற்றி ஒரு குழந்தை முதலில் அறிய வேண்டியதே தனக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள், கீழேயும் இருக்கிறார்கள் என்பதுதான். அதைத் தனிப்படம் கற்றுத்தராது. பல குழந்தைகள் ஆளுக்கொரு துண்டாக வரைந்து ஒட்டும் ஒரே ஆறு கற்றுத்தரும். அந்தப் பாடம் நடக்கும் இடம் தாளும் தாளும் சேரும் விளிம்பு. என் தொழில் எனக்குத் தந்த உறுதியான முடிவு இது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆறு என்பது சுவரில் தொங்கும் வரைபடம். ஆசிரியர் குச்சியால் தொட்டுக் காட்டுவார், பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். பிறப்பிடம் குடகு மலை, நீளம் 800 கிலோமீட்டர், துணையாறுகள் பவானி, நொய்யல், அமராவதி, கலக்குமிடம் பூம்புகார். தேர்வில் கோடிட்ட இடமும் பொருத்துகவும் வரும். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கும் அந்தக் காவிரிக்கும் உள்ள உறவு தெரிந்திருக்காது. வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்குப் பாயும் என்பதெல்லாம் அதற்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது வீட்டறிவு. காவிரி பள்ளியறிவு. இரண்டும் சந்திக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. குச்சிக்கும் வரைபடத்துக்கும் நடுவில் அந்த இடம் இல்லை.

செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறையின் உருவமே மாறியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதற்கும் அது வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரமாகக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததையெல்லாம் தொங்கவிட்டோம். குழந்தையின் கிறுக்கலும் வகுப்பறையின் பொருள்தான் என்று அரசு முறையே ஒப்புக்கொண்டது பெரிய மாற்றம். அதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த முறையின் அடிப்படை ஏணிப்படி. ஒவ்வொரு குழந்தையும் தன் அட்டையை எடுத்து, தன் வேகத்தில், தன் படியில் ஏறும். எழுத்துக்கும் எண்ணுக்கும் அது பொருந்தியது. ஆற்றுக்குப் பொருந்தவில்லை. பந்தலில் முப்பது ஆறுகள் தனித்தனியாகத் தொங்கின, ஒன்றின் தண்ணீர் அடுத்ததற்குப் போகவில்லை. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது செயல்திட்டத்துக்கு மதிப்பெண் என்றானது. உடனே கடைகளில் அச்சடித்த படத்தாள் விற்பனைக்கு வந்தது. ஆறும் அணையும் வெட்டி ஒட்டப்பட்டன. பல வீடுகளில் ஒட்டியவர்கள் பெற்றோர்.

படுகையில் சில ஆசிரியர்கள் கையாண்ட முறையைப் பயிற்சிகளில் நாங்கள் எடுத்துச் சொல்லத் தொடங்கினோம். அதற்குச் செலவு கிடையாது. பழைய மாத நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அரை மீட்டர் நீளத்துக்கு வெட்டிய 16 தாள்கள் போதும். நூறு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்தால் காவிரி 8 மீட்டர், பள்ளித் தாழ்வாரத்தில் விரிக்கலாம். ஒரு தாளுக்கு 50 கிலோமீட்டர், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தாள். வரையத் தொடங்குமுன்பே பாடம் தொடங்கிவிடும். முதல் ஆறரைத் தாளுக்குச் சற்றுக் குறைவாகக் கர்நாடகத்துக்குப் போகும். அடுத்த ஒன்றேகால் தாள் இரு மாநில எல்லை. மிச்சமிருக்கும் எட்டுத் தாள் சொச்சம்தான் தமிழ்நாடு. மேட்டூர் அணை ஏறக்குறைய நடுவில் வரும். கல்லணையிலிருந்து கடல் வரை உள்ள நம் படுகை கடைசி இரண்டு மூன்று தாள்களுக்குள் அடங்கும். காவிரி என்றாலே தஞ்சாவூர் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, தன் ஊர் ஆற்றின் வால்பகுதியில் இருப்பது கண்ணால் தெரியும். கடைமடை என்று பெரியவர்கள் பேசும் சொல்லுக்கு அப்போதுதான் அளவு கிடைக்கிறது.

தாளைச் சுவரில் மாட்டி வரையவிடக் கூடாது, தரையில் விரிக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்காருவார்கள், ஒரு பக்கம் வடகரை, மறுபக்கம் தென்கரை. தேவாரத் தலங்களையே காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று கரை பார்த்து எண்ணிய ஊர் இது. உட்காரும் முறை பிள்ளைகளுக்குப் புதிதல்ல. இரு பக்கமிருந்தும் வரைவதால் வடகரை மரங்கள் ஒரு திசையிலும் தென்கரை மரங்கள் எதிர்த்திசையிலும் சாய்ந்து கிடக்கும். ஆறு மேலிருந்து பார்த்ததாகவும் வீடு பக்கத்திலிருந்து பார்த்ததாகவும் இருக்கும். இதைத் தவறென்று திருத்தும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுநாள் இருந்தது. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகள் இப்படி வரைவது வளர்ச்சியின் இயல்பான கட்டம் என்று விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே விளக்கிவிட்டார். ஆற்றுக்கு இந்தப் பார்வை வசதியும்கூட. இரு கரையில் இருப்பவர்களும் ஆற்றைத் தங்கள் பக்கமிருந்துதான் பார்க்கிறார்கள் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. தூரக்காட்சி விதிப்படி திருத்திய படத்தில் அந்த உண்மை போய்விடும்.

இனி விளிம்புக்கு வருகிறேன். ஒவ்வொரு இணையும் தன் தாளை வரைந்து முடித்ததும் பக்கத்துத் தாளோடு சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும். ஆறு சேராது. ஒரு தாளில் ஒரு சாண் அகலத்துக்கு வந்த காவிரி அடுத்த தாளில் இரண்டு விரல் அகலம் இருக்கும். யார் திருத்துவது என்ற பேச்சு உடனே எழும். இதில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாடப்புத்தகத்தின் பொது விதி, ஆறு போகப்போகத் துணையாறுகள் சேர்ந்து அகலமாகும் என்கிறது. காவிரி அப்படி நடப்பதில்லை. கரூர், முசிறி, குளித்தலைப் பகுதியில் அது அகண்ட காவிரி. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று பிரிந்துகொண்டே போய், பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி சின்ன வாய்க்கால் போலத்தான் இருக்கிறது. புத்தகத்தை நம்பி அகலமாக வரைந்த பிள்ளையும், மயிலாடுதுறையில் கண்ணால் பார்த்ததை நம்பி ஒடுக்கமாக வரைந்த பிள்ளையும் ஒரே விளிம்பில் சந்திக்கும்போது, மீதித் தண்ணீர் எங்கே போனது என்ற கேள்வி தானாக வருகிறது. அதற்கு விடை தேடினால் பக்கவாட்டில் புதுத் தாள் ஒட்ட வேண்டியிருக்கும். அப்படி ஒட்டப்பட்டு விரியும் தாள்கள்தான் டெல்டா. டெல்டா என்றால் என்ன என்று ஒரு வரியில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது ஆழமாகப் பதிகிறது. அந்தத் தேவையைப் பிள்ளைகளே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அகலத்துக்கு நடப்பது நிறத்துக்கும் நடக்கும். நொய்யல் வந்து சேரும் தாளுக்குத் திருப்பூரைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைகள் கருப்பும் சிவப்புமாக ஒரு கோடு இழுப்பார்கள். அது கற்பனை இல்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நிலம் கெட்டது, 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, இவையெல்லாம் நடந்த செய்திகள். கீழ்த்தாளில் இருப்பவர்கள் அந்த நிறத்தைத் தங்கள் தாளில் தொடர மறுப்பார்கள். ஆனால் தண்ணீர் தொடர்ந்துதான் வரும், விளிம்பில் நிறுத்த முடியாது. எல்லா ஆலைகளையும் மூடிவிடலாம் என்று பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். அங்கே வேலை செய்கிறவர்களையும் தாளில் வரைந்த பிறகு அந்தத் தீர்ப்பு எளிதாக இருக்காது. கழிவை எங்கே சுத்தப்படுத்துவது, அதற்கு யார் பொறுப்பு என்று பேச்சு மாறும். மாசு என்ற தலைப்பில் "ஆறுகளைக் காப்போம்" என்று முழக்கம் எழுதவைப்பது எளிது. முழக்கத்தில் எதிர்த்தரப்பு கிடையாது. ஒட்டிய தாளில் அது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

காவிரித் தண்ணீருக்கான இரு மாநிலத் தகராறைச் சின்னக் குழந்தைகளிடம் கொண்டுபோகலாமா என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அது ஏற்கனவே அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இருக்கிறது. பள்ளி பேசாவிட்டால் கோபம் மட்டுமே அவர்களுக்குப் போய்ச் சேரும். தாழ்வாரத்து ஆற்றில் முதல் ஆறு தாள்களைத் தமிழ்ப் பிள்ளைகள்தான் வரைய வேண்டியிருக்கிறது. ஹாரங்கி, ஹேமாவதி, கபினி ஆறுகளையும், கிருஷ்ணராஜ சாகர் அணையையும், மண்டியாவின் கரும்பையும், காவிரித் தண்ணீரைக் குடிக்கும் பெங்களூரையும் அவர்கள்தான் இடம்பார்த்துப் போட வேண்டும். போட்டபின் அந்தத் தாளின் தேவைகளுக்காக அவர்களே பேசுவார்கள். அதே நியாயத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போய்ச் சென்னை வரை போகும் கோட்டையும் வரைய வேண்டும். நாமும் ஆற்றங்கரையில் இல்லாத ஊருக்குத் தண்ணீர் அனுப்புகிறோம் என்பது அதில் தெரியும். கீழ்ப்பகுதியின் உரிமை இதனால் குறைந்துபோவதில்லை. மேலே இருப்பவரின் தேவையும் தெரிந்த பிள்ளை தன் உரிமையைக் காரணத்தோடு கேட்கும்.

பள்ளி திறப்பதும் மேட்டூர் திறப்பதும் ஒரே மாதம் என்பது படுகைக்கு வாய்த்த நல்வாய்ப்பு. 1934இல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் விட வேண்டிய நாள் ஜூன் 12. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கவில்லை, 2020இல்தான் திறந்தது. அதாவது, அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்பை முடிக்கும்வரை ஜூன் மாதத்து ஆற்றில் மணலைத்தான் பார்த்தார்கள். அந்த ஆண்டுகளின் கூட்டுப்படங்களில் மணலும் நாணலும் மாட்டுத் தடமும் லாரித் தடமும் இருந்தன. தனிப்படங்களிலோ அப்போதும் நீலப்பட்டைதான் ஓடியது. கண்ணால் பார்த்ததைவிட வழக்கமான படம் வலுவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. கூட்டுப்படத்தில் அந்த வழக்கம் உடைவதற்குக் காரணமும் எளியது. எல்லாரும் ஒரே நேரத்தில் நீலம் கேட்டால் நீலம் முதலில் தீர்ந்துபோகும். பிறகு நிறம் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். புதுத்தண்ணீர் வரும்போது ஆறு செம்பழுப்பாகக் கலங்கி வரும், ஐப்பசியில் வேறு நிறம், மாசியில் தேங்கிய குட்டையும் ஆகாயத்தாமரையும் மட்டும் மிஞ்சும் என்று பிள்ளைகள் அறிந்ததெல்லாம் வெளியே வரும். வண்டல் மண்ணும் செங்கல் தூளும் மஞ்சளும் சொட்டு நீலமும் அந்த நிறங்களைத் தந்துவிடுகின்றன. 2018இல் கேள்வி இன்னும் கூர்மையானது. ஆகஸ்ட் 22இல் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. கொள்ளிடம் வழியே தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோதே கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். ஒரு தாளில் வெள்ளம், பக்கத்துத் தாளில் வறட்சி. ஒரே ஆறுதான், இரண்டும் உண்மை.

எழுதப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படம் வரைவதா என்பது நான் மிக அதிகமாகக் கேட்ட மறுப்பு. அந்தக் கவலை நியாயமானது. ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்த வேலைக்குள் எழுத்தும் எண்ணும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 50 கிலோமீட்டரை அரை மீட்டராக்குவது அளவுக் கணக்கு. ஊர்ப் பெயர்களை இடத்தில் எழுதுவது எழுத்துப் பயிற்சி. மேல்தாளுக்குக் கீழ்த்தாள் எழுதும் வேண்டுகோள் கடிதம் எழுதும் பயிற்சி. எழுதியது பக்கத்திலிருப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இதில் உண்டு, நோட்டுப் புத்தகத்தில் அது இல்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே தாளில் வேலை செய்யலாம். ஒருவர் 'மீன்' என்று எழுத, இன்னொருவர் அந்த மீனைப் பற்றி நான்கு வரி எழுதுவார். ஐந்து வகுப்பையும் இரண்டு ஆசிரியர்கள் பார்க்கும் பள்ளிகள் நம்மிடம் ஏராளம். வயது கலந்து உட்காருவது அங்கே அன்றாட நிலை, ஆற்றுப்படத்துக்கு அதுவே வசதி.

குழுவாகச் செய்தால் இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் வரைவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்பது அடுத்த மறுப்பு. ஒரு பெரிய தாளைக் கொடுத்து எல்லாரையும் சுற்றி உட்காரவைத்தால் அப்படித்தான் ஆகும். துண்டு பிரித்துக் கொடுப்பதன் காரணமே அதுதான். தன் தாளில் தன் இணை மட்டுமே கைவைக்கலாம். விளிம்பு மட்டும் பொது, அங்கே இருவரும் ஒப்பினால்தான் கோடு. கூச்சப்படும் பிள்ளையும் தன் 50 கிலோமீட்டருக்குப் பேசியாக வேண்டும். எனக்கு வரையத் தெரியாது என்று தயங்கும் ஆசிரியர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை, வகுப்பாசிரியர்தான் எல்லாம். அவர் வரைய வேண்டியதில்லை. விளிம்பு விளிம்பாக நடந்து, இங்கே ஏன் சேரவில்லை என்று கேட்டால் போதும். இந்த வேலைக்கு ஓவியக்கை தேவையில்லை, கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பொறுமை தேவை.

இதைக் கெடுக்கக்கூடியது அலங்கார ஆசை. பார்வைக்கு அதிகாரிகள் வருவார்கள் என்றால் திருத்தமான கையெழுத்துள்ள பிள்ளைகளை வைத்து மேல்பூச்சு பூசுவதும், பிளக்ஸ் அடித்து மாட்டுவதும் நடக்கிறது. வண்ணம் தீட்டிய பள்ளிச் சுவர்களில் தொழில்முறை ஓவியர் வரைந்த ஆறு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அதைப் பார்ப்பதில்லை. அவர்கள் திருத்தக்கூடிய எதுவும் அதில் இல்லை. அண்மைக் காலத்தில் வந்த கலைத் திருவிழா அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் திறமைக்கு நல்ல மேடை. அது மேடையாகவே இருக்கட்டும், ஆற்றுப் பாடத்தை அதற்கான ஒத்திகையாக்க வேண்டாம். செயற்கைக்கோள் படத்தில் காவிரி முழுவதையும் திறன்பலகையில் காட்டிவிடலாமே என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். காட்டுங்கள், பிள்ளைகள் வரைந்து முடித்தபிறகு காட்டுங்கள். முன்னரே காட்டினால் பிரதி எடுப்பார்கள். பின்னர் காட்டினால் தாங்கள் முடிவெடுத்த ஒவ்வொரு வளைவையும் சரிபார்ப்பார்கள். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை வரைந்த பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கலாம். ஆனால் அங்கே முதலை உண்டு. பிள்ளை சொல்வதை விசாரிக்காமல் தவறென்று தள்ள வேண்டாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

கடைசியாக, தவிர்க்கக் கூடாத இரண்டு செய்திகள். ஆற்றங்கரையை உண்மையாக வரையச் சொன்னால் பிள்ளைகள் எந்தத் தெருவுக்கு எந்தப் படித்துறை என்பதையும் வரைவார்கள். சுடுகாடு எத்தனை என்பதும் வரும். அதை அழிக்கச் சொல்வது அந்தப் பிரிவினைக்குப் பள்ளி துணைபோவதாகும். தாளில் ஒரே தண்ணீர் எல்லாப் படித்துறையையும் தொட்டுப் போகிறது என்று காட்டி, இது ஏன் இப்படி என்று கேட்க இடம் கொடுக்க வேண்டும். அடுத்தது உயிர் பற்றியது. மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் நிறைந்தபின் ஆழம் தெரியாது. புதுத்தண்ணீர் வரும் ஆடியில் பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி வராத ஆண்டு அரிது. தங்கள் ஊர்த் தாளில் குழிகளையும் மதகுச் சுழலையும் சிவப்பில் குறிக்க வைப்பது கட்டாயம். ஊரில் மதகைக் கவனிக்கும் நீர்வளத் துறை லஸ்கரை அழைத்து எந்த இடம் ஆபத்து என்று கேட்டுக் குறிக்கலாம். நாற்பது பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப்போக முடியாத இரண்டு ஆசிரியர் பள்ளியிலும் இதைச் செய்ய முடியும்.

ஆகவே, கல்வித் துறையிடம் கேட்பது பெரிதல்ல. ஆற்றுப் பாடத்தை அந்தந்த ஆற்றில் தண்ணீர் வரும் மாதத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பள்ளிக்குக் கொடுங்கள். காவிரிக்கு அது ஜூன். வைகைக்கும் தாமிரபரணிக்கும் பாலாற்றுக்கும் அது வேறு மாதமாக இருக்கலாம். இந்தப் படத்துக்குத் தனி மதிப்பெண் போடாதீர்கள். விளிம்பில் நடக்கும் பேச்சை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து அளக்க முடியாது. தாளைச் சட்டம் போட்டு மாட்டாமல் சுருட்டி வைத்து, பருவத்துக்கொருமுறை விரித்துத் திருத்தவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகள் அதை அடுத்து வருபவர்களிடம் ஒப்படைக்கட்டும். இந்தப் படுகையில் வளரும் பிள்ளைகள் நாளை தலைமடையிலோ கடைமடையிலோ நிலம் வைத்திருப்பார்கள், ஆலை நடத்துவார்கள், மதகு திறக்கும் பொறுப்பில் இருப்பார்கள். நிலமே இல்லாமல் அந்தத் தண்ணீரை நம்பி வேலைக்குப் போகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். எந்த இடத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரோடு பேசித்தான் தண்ணீரைப் பகிர வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பத்து வயதுக்குள் கொடுக்க முடியும், அதற்குப் பழைய காலண்டர் தாளும் சில வகுப்பு நேரங்களும் போதும்.